சின்ன எஞ்சின்களுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோல்: மினசோட்டாவில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கும் வரை புல் வெட்டுவதும் பனி தள்ளுவதும் வேறு யாரோ ஒருவருடைய பொறுப்பு. தனி வீடு வாங்கிய முதல் ஆண்டிலேயே ஒரு லான் மோவர், ஒரு ஸ்னோ ப்ளோவர், கூடவே ஓரப் புல்லை வெட்ட ஒரு டிரிம்மர் என்று மூன்று எஞ்சின்கள் கேரேஜுக்குள் வந்து நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறவர்களுக்குப் பெட்ரோல் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றும். அடுத்த வசந்தத்தில் மோவரின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்த பிறகுதான் பழுது பார்க்கும் கடைக்குப் போகிறோம். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: “உள்ளே இருப்பது போன வருடத்துப் பெட்ரோலா?”

சின்ன எஞ்சினைக் கெடுப்பது பெரும்பாலும் அதில் எரிகிற பெட்ரோல் அல்ல, எரியாமல் தேங்கி நிற்கிற பெட்ரோல்தான். எத்தனால் கலக்காத பெட்ரோலை எப்போது வாங்க வேண்டும், எப்போது அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதை இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

எத்தனால் என்ன செய்கிறது

அமெரிக்காவில் பங்க்குகளில் விற்கும் சாதாரணப் பெட்ரோலில் ஏறக்குறைய எல்லாமே பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. இதை இ10 என்கிறார்கள். 2005, 2007 ஆண்டுகளின் மத்திய அரசுச் சட்டங்கள் இதை நாடு முழுவதும் பரப்பின. சோளம் விளையும் மாநிலமான மினசோட்டா அதற்கும் முன்பே, 1990களிலேயே, கலப்பைச் சட்டமாக்கிவிட்டது. காருக்கு இதனால் பெரிய தொல்லை கிடையாது. காரின் டாங்க் காற்றுப் புகாதபடி மூடப்பட்டிருக்கிறது, பெட்ரோல் ஓரிரு வாரங்களில் தீர்ந்துவிடுகிறது, பெட்ரோலும் காற்றும் சேரும் கலவையின் அளவைக் கணினி பார்த்துக்கொள்கிறது. லான் மோவரில் இந்த மூன்றும் இல்லை. மூடியில் காற்றுத் துளை இருக்கிறது, பெட்ரோல் மாதக்கணக்கில் நிற்கிறது, கலவையை நிர்ணயிப்பது, இரண்டையும் கலக்கும் கார்புரேட்டரில் இருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை.

எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஈர்ப்பு அதிகம். ஒரு கேலன் இ10 பெட்ரோல், மிதமான வெப்பநிலையில், ஏறத்தாழ நான்கு தேக்கரண்டித் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஈரம் சேர்ந்தாலோ, குளிர் கூடிக் கரைக்கும் திறன் குறைந்தாலோ, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்கு பெட்ரோல் போகும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. எனவே எஞ்சின் உறிஞ்சுவது எரியாத அந்த அடுக்கைத்தான். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கார்புரேட்டர் உடலை அதே அடுக்கு அரித்து வெள்ளைப் பொடியை உண்டாக்கும். மேலே மிஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டல் வராமல் தாங்கும் திறன், குறைந்து போயிருக்கும்.

எத்தனால் ஒரு நல்ல கரைப்பானும்கூட. பழைய இயந்திரங்களின் ரப்பர்க் குழாய்களையும், டிரிம்மர், செயின்சா போன்றவற்றின் கார்புரேட்டரில் இருக்கும் மெல்லிய ரப்பர்ச் சவ்வையும் அது நாளடைவில் விறைக்கவோ உப்பவோ வைக்கும். இதற்கு மேல், எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே துளை வழியாகப் போகும் கலவையில் காற்றின் பங்கு சற்றுக் கூடிவிடுகிறது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக ஏற்கெனவே பெட்ரோல் குறைவாகவே போகும்படி அமைத்து, அளவுத் திருகைத் திருப்ப முடியாமல் மூடியும் வைத்திருக்கும் இன்றைய சின்னக் கார்புரேட்டர்களில் இந்தச் சிறு மாற்றமும் சூட்டைக் கூட்டும்.

இதைப் படித்துவிட்டு இ10 என்றாலே விஷம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இன்று விற்கும் மோவர்களும் ஸ்னோ ப்ளோவர்களும் பத்து சதவீத எத்தனாலுக்கு ஏற்றவாறே தயாரிக்கப்படுகின்றன. புதிதாக வாங்கி ஒரு மாதத்துக்குள் எரித்துவிடும் இ10 அவற்றுக்குக் கெடுதல் செய்வதில்லை. மறுபக்கம், எத்தனால் இல்லாத பெட்ரோலும் சாகாவரம் பெற்றதல்ல. அதிலும் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும், மிஞ்சுவது பிசினாகப் படியும். அது மெதுவாக நடக்கும், தண்ணீரால் வரும் கேடு குறையும் என்பதுதான் வேறுபாடு. மூடிய கேனில் ஐந்தாறு மாதம் தாங்கும் என்பார்கள். நான் மூன்று மாதத்துக்கு மேல் நம்புவதில்லை.

இயந்திரத்தின் கையேட்டில் பார்க்க வேண்டியவை

பங்க்குக்குப் போகும் முன் கையேட்டை எடுத்து மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனால் உச்ச அளவு, குறைந்தபட்ச ஆக்டேன், எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக்கா நான்கு ஸ்ட்ரோக்கா என்பது. பழைய இயந்திரத்தைக் கையேடு இல்லாமல் வாங்கியிருந்தால், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் கிடைத்துவிடும்.

பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், ஹோண்டா, டோரோ, ஸ்டில் என எந்தப் பெயரைப் பார்த்தாலும் எத்தனால் உச்ச அளவு பத்து சதவீதம் என்றே இருக்கும். ஆக்டேனில்தான் மாறுபாடு. பிரிக்ஸ் எஞ்சின்களுக்கு 87 போதும். ஸ்டில் செயின்சாக்களுக்கும் டிரிம்மர்களுக்கும் குறைந்தது 89 வேண்டும். மினசோட்டாவில் எத்தனால் இல்லாமல் கிடைக்கும் பெட்ரோல் பெரும்பாலும் 91 ஆக்டேன் என்பதால் இரண்டுக்கும் அது ஒத்துவரும். ஆனால் 91 போட்டால் மோவர் வேகமாக ஓடும், பலம் கூடும் என்று நினைத்துக் காசு கொடுக்க வேண்டாம். ஆக்டேன் என்பது எஞ்சினில் தட்டல் வராமல் தாங்கும் திறனே தவிர, பலத்தின் அளவு அல்ல.

டாங்க் மூடிக்குப் பக்கத்தில் எண்ணெய்க்கென்று தனி மூடி இருந்தால் அது நான்கு ஸ்ட்ரோக். மோவரும் ஸ்னோ ப்ளோவரும் இப்போது பெரும்பாலும் இந்த வகைதான். பெட்ரோல் டாங்க் மட்டும் இருந்து, அதன் மூடியில் 50:1 என்பது போன்ற விகிதமும் எண்ணெய்த் துளிப் படமும் இருந்தால் அது இரண்டு ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோல் ஊற்றிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் சில நிமிடங்களில் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். அதன்பின் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பங்க்கில் எதைத் தேடுவது, எதை விலக்குவது

மினசோட்டாவில் எத்தனால் கலப்புக் கட்டாயம் என்றாலும் சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு. பழமைச் சேகரிப்புக் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், படகுகள், ஸ்னோமொபைல்கள், சாலையில் ஓடாத வண்டிகள், சின்ன எஞ்சின்கள் ஆகியவற்றுக்காக மட்டும் எத்தனால் கலக்காத பிரீமியம் பெட்ரோலை விற்கலாம். இங்கே அதற்கு வழங்கும் பெயர் ‘நான்-ஆக்சிஜனேட்டட்’, பேச்சில் ‘நான்-ஆக்ஸி’. அந்தப் பம்பின் மேல் இன்ன இன்ன வண்டிகளுக்கு மட்டுமே என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். க்விக் டிரிப், ஹாலிடே போன்றவற்றின் பல கிளைகளில் கிடைக்கிறது, எல்லாக் கிளைகளிலும் அல்ல. ஏரிகளை ஒட்டிய ஊர்களில் படகுக்காரர்கள் வாங்குவதால் தேடல் எளிது. எத்தனால் கலக்காத பெட்ரோல் விற்கும் நிலையங்களை மாநில வாரியாகத் தொகுத்திருக்கும் ‘ப்யூர் கேஸ்’ என்ற இணையதளமும் உண்டு. ஆனால் போவதற்கு முன் கடையைத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

பிரீமியம் என்றாலே எத்தனால் இல்லாதது என்று நம்பிவிடக் கூடாது. சாதாரணப் பிரீமியம் 91, 93 ஆகியவற்றிலும் பத்து சதவீதம் கலந்திருப்பதே வழக்கம். ‘நான்-ஆக்ஸி’ என்றோ ‘எத்தனால் இல்லை’ என்றோ எழுதியிருந்தால்தான் அது நீங்கள் தேடி வந்த பெட்ரோல். புளோரிடாவுக்கோ டெக்சாஸுக்கோ குடிபோகும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். அங்கே பெயர் மாறும். புளோரிடாவில் ‘ரெக்-90’ என்ற பெயரில் பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் பந்தய எரிபொருள், டின்னில் அடைத்த எரிபொருள் ஆகியவற்றைத் தவிர அநேகமாகக் கிடைக்காது.

விலையைப் பார்த்து ஏமாற வாய்ப்புள்ள இடம் ‘அன்லெடட் 88’. 87-ஐ விட எண் பெரியது, விலையோ குறைவு, எனவே மோவருக்கும் இதுவே நல்லது என்று தோன்றும். உண்மையில் அது பதினைந்து சதவீத எத்தனால் கலந்த இ15. 2001-ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்குப் பிந்தைய மாடல் கார்களுக்கும் 2010-லும் 2011-லும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை அனுமதித்தது. மோட்டார் சைக்கிள், படகு, சின்ன எஞ்சின் எதற்கும் அனுமதி இல்லை. பம்பில் ஆரஞ்சும் கறுப்புமான எச்சரிக்கை ஒட்டு அதற்காகவே இருக்கிறது. மோவரில் இ15 ஊற்றினால் தயாரிப்பாளரின் உத்தரவாதமும் போய்விடும். இ85 பற்றிச் சொல்லவே தேவையில்லை. விமான நிலையங்களில் விற்கும் 100 எல்எல் பெட்ரோலில் எத்தனால் இல்லைதான், ஆனால் ஈயம் இருக்கிறது. புல் வெட்டும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பவர் நீங்கள், எனவே அதுவும் வேண்டாம். இந்தியாவில் உள்ள எஞ்சின்களுக்கு என்ன செய்வது என்று ஊரில் இருந்து வரும் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இந்தியாவில் இப்போது பங்க்குகளில் பரவலாக விற்பது இருபது சதவீதம் கலந்த இ20. பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனாலை ஏற்காத எஞ்சின் கொண்ட களைவெட்டியையோ விசைத்தெளிப்பானையோ அங்கே வைத்திருப்பவர்கள், வேலை முடிந்த அன்றே டாங்கைக் காலி செய்துவிடுவதுதான் வழி.

பலர் கவனிக்காத ஒன்று பம்பின் குழாய். ஒரே குழாயில் பல தரங்கள் வரும் பம்பாக இருந்தால், முன்பு வந்தவர் வாங்கிய பெட்ரோலில் ஒரு கேலனின் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ குழாய்க்குள் தங்கியிருக்கும். பன்னிரண்டு கேலன் போடும் காருக்கு அது கணக்கே இல்லை. ஒரு கேலன் கேனை நீட்டுபவருக்கோ கால் கேலன் என்பது வாங்கியதில் நான்கில் ஒரு பங்கு. நான்-ஆக்ஸிக்கென்று தனிக் குழாய் இருக்கும் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அதே பம்பில் முதல் ஒரு கேலனைக் காரில் போட்டுவிட்டு, பிறகு கேனை நிரப்புங்கள்.

விலை வேறுபாடு கேலனுக்கு அரை டாலரிலிருந்து ஒரு டாலருக்கு மேலும் போகும். ஒரு சாதாரணப் புறநகர் மனையின் புல்லுக்குப் பருவம் முழுவதும் ஐந்தாறு கேலன் போதும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஐந்து, ஆறு டாலர் கூடும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கடையில் கேட்கும் கூலி அதைவிடப் பல மடங்கு. சிக்கனம் பார்ப்பவர்கள் ஜூன், ஜூலையில் வாராவாரம் வெட்டும்போது இ10-ஐயே ஊற்றி, பருவத்தின் கடைசி இரண்டு டாங்குகளுக்கு மட்டும் நான்-ஆக்ஸி வாங்கலாம். எஞ்சினுக்கு இதனால் எந்தக் குறையும் வராது.

கேனில் வாங்கி வருவது

பெட்ரோலுக்குச் சிவப்புக் கேன், மண்ணெண்ணெய்க்கு நீலம், டீசலுக்கு மஞ்சள் என்பது இங்குள்ள வழக்கம். ஐந்து கேலன் கேன் விலை குறைவாகத் தோன்றினாலும், ஒரு கேலனோ இரண்டு கேலனோ கொள்வதுதான் வீட்டுக்கு ஏற்றது. பெரிய கேன் வாங்கினால் பெட்ரோல் பழையதாகும் வரை கேரேஜில் உட்கார்ந்திருக்கும்.

நிரப்பும்போது கேனைக் காரின் டிக்கியிலோ பிக்கப்பின் பின்பகுதியிலோ வைத்துக்கொண்டு நிரப்பக் கூடாது. பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நிற்கும் கேனில் நிலைமின்சாரம் சேர்ந்து, குழாய் முனை நெருங்கும்போது பொறி பறக்கலாம். தரையில் வைத்து, குழாய் முனையைக் கேனின் வாயில் தொட்டபடி, மெதுவாக நிரப்புங்கள். விளிம்பு வரை நிரப்பாமல் மேலே சிறிது இடம் விடுங்கள், வெயிலில் பெட்ரோல் விரியும். வீட்டுக்கு நேராக வாருங்கள். கேனைக் காரில் வைத்துக்கொண்டு கோயிலுக்கும் மளிகைக் கடைக்கும் போய் வருவது, அதுவும் கோடையில், ஆபத்து.

வீட்டை ஒட்டிய கேரேஜில் தண்ணீர்ச் சூடேற்றியோ உலையோ இருந்தால் பெட்ரோல் கேனை அங்கே வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய்ச் சூடேற்றியின் சிறு சுடரைத் தொட்டால் தீப்பிடிக்கும். தோட்டத்தில் தனியாக நிற்கும் கொட்டகையே நல்ல இடம். கேனில் ஒரு காகித நாடாவை ஒட்டி, வாங்கிய தேதியையும் ‘நான்-ஆக்ஸி’ என்பதையும் எழுதிவையுங்கள். இரண்டு மாதம் கழித்து எந்தக் கேனில் என்ன இருக்கிறது என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வாங்கியதில் எத்தனால் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். மில்லிலிட்டர் கோடுகள் போட்ட, ஒடுங்கிய, 100 மில்லி கண்ணாடிக் குவளை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே, நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில், அதில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி ஒரு துளி உணவுச் சாயத்தைக் கலந்துவிடுங்கள். அதன் மேல் 100 மில்லி கோடு வரை பெட்ரோலை ஊற்றி, வாயை மூடி நன்றாகக் குலுக்கி, சில நிமிடம் அசையாமல் வையுங்கள்.

சாயம் தண்ணீரில் மட்டும் கரையும் என்பதால், அடியில் நிற்கும் நிறமுள்ள அடுக்கின் உயரம் தெளிவாகத் தெரியும். அது 10 மில்லி கோட்டிலேயே நின்றால் பெட்ரோலில் எத்தனால் இல்லை. எத்தனால் இருந்தால் அது பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அப்போது அடுக்கு வளரும். இ10-க்கு ஏறத்தாழ 19 மில்லி கோடு வரை ஏறி நிற்கும். கண்ணெதிரே அடுக்கு ஒரு விரற்கடை உயர்வதைப் பார்த்தால், குளிர்கால இரவில் மோவர் டாங்கின் அடியில் என்ன நடக்கிறது என்பதும் புரிந்துவிடும். சோதித்த கலவையைத் திரும்ப டாங்கில் ஊற்றாதீர்கள், மண்ணிலும் கொட்டாதீர்கள். தனிப் புட்டியில் மூடி, கழிவு ஒப்படைக்கும் நாளுக்காக எடுத்துவையுங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கலப்பது

டிரிம்மர், செயின்சா, லீஃப் ப்ளோவர் ஆகியவற்றுக்கு இன்று பரவலான விகிதம் 50:1. ஒரு கேலன் பெட்ரோலுக்கு 2.6 அவுன்ஸ், அதாவது சுமார் 76 மில்லி எண்ணெய். 40:1 கேட்கும் பழைய இயந்திரத்துக்கு 3.2 அவுன்ஸ். ஒரு கேலனுக்குச் சரியாக அளந்த சின்னப் புட்டிகளும் விற்கின்றன, தொடக்கத்தில் அதுவே வசதி. கேனில் பாதிப் பெட்ரோலை விட்டு, எண்ணெயை ஊற்றிக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை விட்டு மறுபடி குலுக்க வேண்டும். கார் எண்ணெயை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் என்று எழுதியிருப்பதே வேண்டும். கலவைக் கேனைத் தனியாக வைத்து, பெரிய எழுத்தில் விகிதத்தை எழுதுங்கள்.

சவ்வுக் கார்புரேட்டர் உள்ள இந்தச் சின்ன இயந்திரங்களில்தான் எத்தனால் இல்லாத பெட்ரோலின் பயன் மிக நன்றாகத் தெரியும். மோவருக்கு வாங்க மனமில்லாதவர்களும் டிரிம்மருக்கு வாங்கிவிடுவது நல்லது. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் டிரிம்மரை எடுப்பவர்களுக்கு, ட்ரூஃப்யூயல், ஸ்டில் மோட்டோமிக்ஸ் போன்ற, எண்ணெய் கலந்தே டின்னில் வரும் எத்தனால் இல்லாத எரிபொருளும் உண்டு. திறந்த பிறகும் இரண்டு ஆண்டு வரை கெடாது என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். கேலன் கணக்கில் இருபது டாலரைத் தாண்டும் விலை அது. இரண்டு டின் ஒரு பருவத்துக்குப் போதும் என்பவருக்கு அது வீண்செலவல்ல. அரை ஏக்கர் புல்லுக்கு மோவரில் ஊற்றுவது வீண்செலவு.

இ10-இலிருந்து மாறுவது

எஞ்சினில் எதையும் திருப்பவோ மாற்றவோ தேவையில்லை. டாங்கில் மிஞ்சியிருக்கும் இ10 புதியதாக இருந்தால் அதை ஓட்டித் தீர்த்துவிட்டு நான்-ஆக்ஸியை ஊற்றுங்கள். சில மாதப் பழையதாக இருந்தால் அதன் மேல் புதியதை ஊற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள். அடியில் பிரிந்து நிற்கும் தண்ணீர் அடுக்கு அப்படியேதான் இருக்கும். கையால் அழுத்தி உறிஞ்சும் சிறு பம்பால் டாங்கைக் காலி செய்யுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் இருந்தால் அதை ஊரோடு விட்டுவிடுங்கள்.

எண்ணெய் கலக்காத, ஒரு மாதத்துக்குள் வாங்கிய, தெளிவான பெட்ரோல் மிஞ்சினால், ஓரளவு நிரம்பிய கார் டாங்கில் ஒரு கேலன் வரை ஊற்றிவிடலாம். கலங்கியது, புளித்த வார்னிஷ் வாடை அடிப்பது, எண்ணெய் கலந்தது ஆகியவை காருக்கு ஆகாது. அவற்றைக் கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஹென்னப்பின் கவுண்டியில் இருப்பவர்களுக்கு ப்ரூக்ளின் பார்க்கிலும் ப்ளூமிங்டனிலும் மையங்கள் இருக்கின்றன.

பனிக்காலத்துக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை

ஜூலையில் வாங்கிய பெட்ரோலைப் பத்திரமாக வைத்திருந்து டிசம்பரில் ஸ்னோ ப்ளோவருக்கு ஊற்றுவது, அது நான்-ஆக்ஸியாகவே இருந்தாலும், தவறு. சுத்திகரிப்பு நிலையங்கள் கோடையில் எளிதில் ஆவியாகாத கலவையையும், குளிர்காலத்தில் எளிதில் ஆவியாகும் கலவையையும் அனுப்புகின்றன. மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் கோடைப் பெட்ரோல் ஆவியாக மறுப்பதால் எஞ்சின் பிடிக்காது. ஸ்னோ ப்ளோவருக்கான பெட்ரோலை அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வாங்குங்கள்.

நான்-ஆக்ஸியின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இ10 சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்து எரித்துவிடும். எத்தனால் இல்லாத பெட்ரோல் தண்ணீரைக் கிட்டத்தட்ட கரைப்பதே இல்லை. சூடான கேரேஜுக்கும் குளிர்ந்த வெளிக்கும் இடையே போய் வரும் இயந்திரத்தில், பாதி காலியான டாங்கின் உட்சுவரில் துளிர்க்கும் நீர் அடியில் போய்த் தங்கி, குழாயிலோ கார்புரேட்டர் கிண்ணத்திலோ உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை பனி தள்ளி முடித்ததும், எஞ்சின் ஆறிய பிறகு, டாங்கை நிரப்பி வைத்தால் நீர் துளிர்க்க இடமிருக்காது. எரிபொருள் ஊற்றும்போது பனித்துகள் டாங்குக்குள் விழாமல் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறப்பதும் அவசியம்.

பருவம் முடியும்போது

மோவருக்கு அக்டோபர் கடைசி, ஸ்னோ ப்ளோவருக்கு ஏப்ரல் கடைசி என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு வழிகள் உண்டு, கையேடு எதைச் சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

ஒரு வழி, டாங்கை நான்-ஆக்ஸியால் நிரப்பி, ஸ்டெபிலைசர் சேர்த்து மூடுவது. ஸ்டா-பில், சீ ஃபோம் போன்றவை எல்லா வன்பொருள் கடைகளிலும் கிடைக்கும், அளவு புட்டியிலேயே போட்டிருக்கும். ஊற்றியதும் எஞ்சினைப் பத்து நிமிடமாவது, திறந்த வெளியில், ஓட்ட வேண்டும். ஊற்றிவிட்டு ஓட்டாமல் மூடினால் மருந்து டாங்கில் நிற்கும், கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோலே காய்ந்து பிசினாகும். ஸ்டெபிலைசர் கெட்ட பெட்ரோலை நல்லதாக்காது, நல்லதைக் கெடாமல் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

மற்ற வழி, முழுக்கக் காலி செய்வது. டாங்கைக் காலி செய்துவிட்டு, எரிபொருள் வால்வு இருந்தால் அதை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். அதற்குப் பிறகும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி அளவு மிஞ்சியிருக்கும். கிண்ணத்தின் வடிப்புத் திருகைத் தளர்த்தி அதையும் ஒரு டப்பாவில் பிடித்துவிட வேண்டும். எஞ்சின் நின்றதும், ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டே இந்தத் திருகைத் தொடுங்கள். என்னைக் கேட்டால் ஸ்னோ ப்ளோவருக்கு இந்த வழியே மேல். ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஏழு மாதம் எந்தப் பெட்ரோலும் உள்ளே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. டிரிம்மர், செயின்சா ஆகியவற்றையும் காலி செய்து, எஞ்சின் நிற்கும் வரை ஓட்டி வைப்பது போதும்.

வசந்தத்தில் முதல் முறை இயக்குவது

புதிய பெட்ரோலை ஊற்றி, எண்ணெய் அளவைப் பார்த்து, பிரைமர் குமிழைக் கையேடு சொன்ன எண்ணிக்கையில் அழுத்தி, கயிற்றை இழுங்கள். பிடித்து ஓடினால் வேலை முடிந்தது. சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது என்றாலோ, வேகம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுகிறது என்றாலோ, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் துளை அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கைப்பழக்கம் உள்ளவர்கள் அதைத் தாங்களே பார்க்கலாம். டாங்கைக் காலி செய்துவிட்டு, கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஒற்றைப் போல்ட்டைக் கழற்றுங்கள். கிண்ணத்துக்குள் வெள்ளைப் பொடி இருந்தால் தண்ணீர் வேலை, பச்சையோ பழுப்போ ஆன பசை இருந்தால் பழைய பெட்ரோலின் வேலை. சில பழைய ஸ்னோ ப்ளோவர்களில் அந்தப் போல்ட்டே ஜெட்டாகவும் இருக்கும். அதன் தண்டில் குறுக்காக இருக்கும் ஊசிமுனைத் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனரை அடித்து, மெல்லிய ஒற்றைச் செம்புக் கம்பியால் மெதுவாகத் திறக்கலாம். துரப்பணமோ குண்டூசியோ கூடாது, துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை மாறிவிடும். கிண்ணத்தின் ரப்பர் வளையம் உப்பியிருந்தால் திரும்பப் பொருந்தாது, புதியது வாங்கிவைத்துக்கொண்டே கழற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சின் ஒழுங்காக ஓடாவிட்டால் கடைக்குக் கொண்டுபோங்கள், ஆனால் ஏப்ரல் நடுவுக்குள் போய்விடுங்கள். மே மாதத்தில் ஊரில் உள்ள மோவர்கள் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும், உங்கள் முறை வருவதற்குள் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும், நகராட்சியிலிருந்து கடிதமும் வந்துவிடும்.